குழலைக் குறை சொல்லுமுன்: .22 சிதறும்போது எங்கே பார்ப்பது

ஒரு துவக்கு குறி தவறத் தொடங்கினால் எல்லோரும் முதலில் கை வைக்கும் இடம் குழல். தேய்ப்பார்கள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்கள், கடைசியில் "குழல் போய்விட்டது" என்று தீர்ப்பும் சொல்வார்கள். .22 குழல், அதாவது 0.22 அங்குல விட்டத்துச் சிறு ரவையைச் சுடும் குழல், அவ்வளவு எளிதில் போகாது. உள்ளே ஓடுவது மெழுகு பூசிய ஈயச் சன்னம், ரவையின் (தோட்டாவின்) பறந்து போகும் முனை. அழுத்தமும் பெரிய ரவைகளோடு ஒப்பிட்டால் குறைவு. ஒழுங்காக வைத்திருந்தால் பல பத்தாயிரம் சூடுகளைத் தாங்கும். என் அனுபவத்தில் குற்றவாளி பெரும்பாலும் மரக்கட்டை. அடுத்தது ரவை. அதற்கும் அடுத்தது நான். குழலின் முறை அதன் பிறகுதான்.

விருப்பத்துக்குத் துவக்கு கட்டுவது என் பொழுதுபோக்கு. அதற்கு இங்கே ஓர் எல்லை உண்டு. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதும் குற்றம், செய்வதும் குற்றம். ஆகவே குழல், அதன் பின்முனையில் ரவை உட்காரும் அறை, அறையை மூடும் போல்ட், விசை ஆகியவற்றை நான் தொடுவதில்லை. அனுமதிப்பத்திரத்தில் பதிந்திருக்கும் இரும்பு அப்படியே இருக்கும். அது படுத்திருக்கும் மரம், தோளில் முட்டும் தட்டு, கன்னம் சாயும் மேடு, குறி பார்க்கும் தொலைநோக்கியான குறிக்கண்ணாடியின் தாங்கி, ரவையின் தெரிவு, இவைதான் என் விளையாட்டு நிலம். கட்டை மாற்றுவதைக்கூட நான் சேர்ந்திருக்கும் சுடும் சங்கத்தின் ஆயுதப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டே செய்கிறேன். இத்தனை வேலிக்குள்ளும் ஓர் ஆயுள் முழுவதற்குமான வேலை இருக்கிறது.

கீழே உள்ள எதையும் செய்வதற்கு முன் போல்ட்டை வெளியே எடுங்கள். அறையைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். ரவைப் பெட்டி வேறொரு அறையில் பூட்டியிருக்கட்டும். மேசையில் திருகியும் ரவையும் ஒன்றாகக் கிடக்கும் வீட்டில் நான் உட்காருவதில்லை.

நோயைச் சொல்வதற்கு முன் நோயாளியைச் சரியாக அளக்க வேண்டும். மூன்று சூடு சுட்டுவிட்டு "அற்புதம்" என்பதும் "நாசம்" என்பதும் ஒன்றுதான்; இரண்டுமே தற்செயல். மணல் மூட்டையில் தாங்கி, ஒரே பெட்டி ரவையில், ஐந்து ஐந்தாக ஐந்து கூட்டம் சுடுங்கள். ஒரு தாளில் சேர்ந்து விழும் ஐந்து துளைகள்தான் ஒரு கூட்டம். தாள்களைத் திகதி, நேரம், காற்று, ரவைத் தொகுதி இலக்கம் எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திருகாணியை இறுக்கி, ரவையையும் மாற்றி, குறிக்கண்ணாடியையும் திருப்பிவிட்டு "இப்போது சரியாகிவிட்டது" என்று சொல்பவருக்கு அடுத்த முறை கெடும்போது எதைத் திருப்புவதென்று தெரியாது.

போன வாரம் நன்றாக இருந்தது. மழைக்குப் பிறகு கூட்டம் முழுவதும் இடம் மாறிவிட்டது

கொழும்பில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கலாம்.

என் வீடு வெள்ளவத்தையில். ரெயில் பாதையைத் தாண்டினால் கடல். சில வருடங்களுக்கு முன் வோல்நட் மரத்தில் ஒரு கட்டை செதுக்கினேன். மூன்று மாத வேலை. வெளிப்புறத்துக்கு ஏழு முறை எண்ணெய் பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் உப்புத்தாளால் தேய்த்து, மரத்தின் வரிகள் தேன் மாதிரித் தெரியும்வரை மெருகேற்றினேன். ஓகஸ்ட் மாதம் ஐம்பது மீற்றரில் ஐந்து சூடும் ஒரு விரல்நகத்துக்குள் விழுந்தன. ஒக்டோபர் மழை தொடங்கியது. கூட்டம் இடப்பக்கம் மேலே இரண்டு சென்ரிமீற்றர் ஏறியிருந்தது. குறிக்கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தேன். அடுத்த ஞாயிறு வேறு இடம். மறுபடியும் திருப்பினேன். இப்படி மூன்று வாரம் அதன் பின்னால் அலைந்தேன்.

நோயைக் காட்டிக்கொடுத்தது ஒரு பஸ் டிக்கெட். குழல் கட்டையின் முன்பகுதியில் எங்கும் தொடாமல் மிதக்க வேண்டும் என்பது விதி. ஒரு டிக்கெட்டைக் குழலுக்கும் மரத்துக்கும் இடையில் நுழைத்து, முனையிலிருந்து பின்னோக்கி இழுத்தேன். ஓகஸ்டில் தடையில்லாமல் ஓடிய தாள், இப்போது முனையிலிருந்து நாலு விரல் தூரத்தில் வலப்பக்கம் நின்றது. இன்னும் இழுத்தேன், கிழிந்தது. மரம் ஈரத்தைக் குடித்து, வளைந்து, வலப்பக்கமிருந்து குழலை முட்டிக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. மரம் காற்றில் உள்ள ஈரத்தோடு எப்போதும் கணக்குத் தீர்த்துக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்தில் நின்றால் மரம் தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் தண்ணீர் வைத்திருக்கும். ஐரோப்பாவின் சூடாக்கிய பட்டறைகளில் அது 8 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அங்கே செய்து இங்கே வந்த கட்டை வீங்கத்தான் செய்யும். வீக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவல்ல. நீளவாக்கில் கிட்டத்தட்ட இல்லை. வருட வளையங்களைத் தொடர்ந்து போகும் திசையில் அதிகம், வளையங்களைக் குறுக்கே வெட்டும் திசையில் அதில் ஏறத்தாழப் பாதி. அதனால்தான் மரம் சமமாகப் பருக்காமல் முறுகுகிறது.

கட்டையை மொறட்டுவையில் எனக்குப் பழக்கமான தச்சுப் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் வெளியே மெருகைப் பார்க்கவே இல்லை. தலைகீழாகத் திருப்பி, குழல் கிடக்கும் பள்ளத்துக்குள் விரலை வைத்துத் தேய்த்தார். பூச்சே படாத வெறும் மரம். பின்தட்டைக் கழற்றச் சொன்னார். அங்கேயும் வெறும் மரம், அதுவும் நார்களின் வாய் திறந்த முனை. "குடையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு வெள்ளத்தில் நடக்கிறீர்கள்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார். என் ஏழு பூச்சின் கதை அத்தோடு முடிந்தது.

திருத்தம் இது. கட்டையை இரண்டு வாரம் உலர்ந்த அறையில் வைத்தேன். வெயிலில் வைக்கக் கூடாது, வெடிக்கும். பிறகு குழலைவிடச் சற்றுப் பருத்த ஓர் உருளைக் கம்பில் உப்புத்தாளைச் சுற்றி, பள்ளத்தைச் சுற்றிலும் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி வரும்வரை தேய்த்தேன். டிக்கெட் கணக்கை இங்கே நம்பக் கூடாது. மடித்த தபாலட்டை தடையில்லாமல் ஓட வேண்டும். பள்ளம், திருகாணித் துளைகளின் உட்சுவர், பின்தட்டின் அடி, எல்லாவற்றுக்கும் வார்னிஷ். முனை நார் இருக்கும் இடங்களுக்கு மூன்று கை. அதன் பிறகும் மழைக்காலத்தில் கூட்டம் ஒரு சில மில்லிமீற்றர் நகர்கிறதுதான். அதை நான் மன்னித்துவிட்டேன்.

மரம் தெரிவு செய்கிறவர்களுக்கு ஒன்று. முதிரை அழகு, ஈரத்துக்கும் அதிகம் அசையாது. ஆனால் கை ஒடியும் பாரம், உளியின் வாயையும் தின்றுவிடும். மகோகனி செதுக்க இலகு. தேக்கில் இயற்கையான எண்ணெய் இருப்பதால் எப்பொக்சிப் பசை ஒட்டும் இடத்தை முதலில் துடைத்து எடுக்க வேண்டும். எந்த மரமானாலும் வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும் அறுப்பைக் கேட்டு வாங்குங்கள். மரக்காலைக்காரர் முணுமுணுப்பார். உறுதியாக நில்லுங்கள்.

ஒரே தாளில் இரண்டு கூடு

ஐந்தில் மூன்று ஓரிடத்தில் இறுக்கமாக, மற்ற இரண்டு வேறிடத்தில் அதேபோல் இறுக்கமாக. இது சிதறல் அல்ல. இரும்பு மரத்துக்குள் இரண்டு இருக்கைகளில் மாறி மாறி உட்காருகிறது. குறிக்கண்ணாடித் தாங்கியின் திருகாணி தளர்ந்தாலும் இப்படி வரும். அதை முதலில் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

அது இறுக்கமாக இருந்தால் கட்டைத் திருகாணிகளுக்கு வாருங்கள். துவக்கை நிமிர்த்தி வைத்து, இடது கைப் பெருவிரலைக் குழலும் கட்டை முனையும் சந்திக்கும் இடத்தில் பாதி அதன்மேல் பாதி இதன்மேல் இருக்கும்படி வையுங்கள். வலது கையால் முன் திருகாணியை மெல்லத் தளர்த்துங்கள். பெருவிரலின் கீழ் ஒன்றும் அசையவில்லை என்றால் இருக்கை நன்று. குழல் தூக்கிக்கொள்வது விரலுக்குத் தெரிந்தால், திருகாணி இதுவரை இரும்பை வளைத்துப் பிடித்திருக்கிறது என்று பொருள். முடி அளவு அசைவையும் விரல் கண்டுபிடித்துவிடும், கண் கண்டுபிடிக்காது.

மருந்து எப்பொக்சிச் சாந்து. இரும்பு உட்காரும் பள்ளத்தைச் சற்று ஆழமாக்கி, சாந்தை நிரப்பி, இரும்பை அதன்மேல் அழுத்தாமல் படுக்க வைத்து இறுக விடுவது. இரும்பில் சாந்து ஒட்டாமலிருக்கச் சப்பாத்து மெழுகைத் தடவுவார்கள். எல்லா இடத்திலும் தடவ வேண்டும். "எல்லா இடத்திலும்" என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் முயற்சியில் ஒரு திருகாணித் துளையின் வாயைக் களிமண்ணால் அடைக்க மறந்துவிட்டேன். சாந்து உள்ளே இறங்கி ஆப்பு மாதிரி இறுகியது. அடுத்த நாள் இரும்பு வரவில்லை. இழுத்தேன், தட்டினேன், கும்பிட்டேன். கடைசியில் மீன்காரரிடம் வாங்கிய ஐஸைப் பொலித்தீன் பையில் கட்டி இரும்பின்மேல் அரை மணிநேரம் வைத்தேன். இரும்பு குளிர்ந்து சுருங்கி, "டப்" என்று ஒரு சத்தத்தோடு விட்டது. வீட்டில் மீன் எங்கே என்று கேட்டார்கள்.

சாந்து இறுகிய பிறகு திருகாணிகளை ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவர முறுக்கு அளக்கும் திருகி வேண்டும். எத்தனை நியூட்டன்மீற்றர் என்பதைத் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும். பக்கத்து மேசைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம். அவருடைய கட்டை வேறு. அப்படி ஒரு திருகி வாங்க மனமில்லாவிட்டால் தலையிலும் மரத்திலும் பென்சிலால் ஒரு கோடு இழுத்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கூட்டம் மேலும் கீழுமாக நீள்கிறது

அகலம் சிறிது, உயரம் பெரிது. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டால் விளங்கும். நியம வேகத்து .22 ரவையின் 40 கிரெயின் சன்னம், அதாவது 2.6 கிராம், குழலை விட்டு வெளியேறும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 330 மீற்றர் வேகத்தில் போகிறது. ஐம்பது மீற்றரைக் கடக்க 0.16 செக்கன். அதற்குள் புவியீர்ப்பு அதை 12 சென்ரிமீற்றர் கீழே இழுத்துவிடும். அடுத்த ரவை செக்கனுக்குப் பத்து மீற்றர் மெதுவாகப் போனால் அது இன்னும் ஏழெட்டு மில்லிமீற்றர் கீழே விழும். சர்வதேச ஐம்பது மீற்றர்த் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீற்றர்தான். ஆக, நீங்கள் கல்லைப்போல் அசையாமல் படுத்திருந்தாலும் மலிவு ரவை உங்களைப் பத்திலிருந்து வெளியே தள்ளிவிடும்.

ஆகவே இந்த நோய்க்கு முதல் மருந்து ரவையை மாற்றுவது. அதிவேக ரவை வாங்காதீர்கள். அது ஒலியைவிட வேகமாகப் புறப்பட்டு, வழியில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இறக்கத்தில் சன்னம் தள்ளாடும். கொழும்பின் 30 பாகைச் சூட்டில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர். நியம வேக ரவை இங்கே எப்போதும் அதற்குக் கீழேதான் போகிறது. குளிர் நாட்டுக்காரர்களைவிட இந்த ஒரு விடயத்தில் நமக்கு வசதி.

விலை உயர்ந்த ரவைதான் நல்லது என்றும் இல்லை. ஒரு குழலுக்குப் பிடித்ததை இன்னொரு குழல் துப்பும். ஒரே தயாரிப்பு, ஒரே பெயர், ஆனால் வேறு தொகுதி இலக்கம் என்றால் அது வேறு ரவை என்றே எண்ணுங்கள். கிடைக்கும் இரண்டு மூன்று தொகுதிகளில் ஒவ்வொரு பெட்டி சுட்டுப் பார்த்து, பிடித்ததில் அனுமதிக்குட்பட்ட அளவு வாங்கி வையுங்கள்.

ரவை நல்லதாக இருந்தும் நீண்டால் மூச்சைப் பாருங்கள். மூச்சு முழுதும் அடங்காமல் விசையை இழுத்தால் குழல் முனை ஏறி இறங்கும். கட்டையின் முன்பகுதி மணல் மூட்டையில் ஒவ்வொரு சூட்டுக்கும் வேறு இடத்தில் இருந்தாலும் இதே படம்தான் வரும். மூட்டை தொடும் இடத்தில் ஒரு துண்டு நாடா ஒட்டிக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டில் நீள்கிறது, அல்லது சாய்வாக

பக்கவாட்டு என்றால் காற்று. செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்துக் குறுக்குக் காற்று, ஊதுபத்திப் புகையைச் சாய்க்கும் அளவுதான் அது, ஐம்பது மீற்றரில் சன்னத்தை ஏழு மில்லிமீற்றர் ஒதுக்கிவிடும். நாலு மீற்றர் என்றால் மூன்று சென்ரிமீற்றர். கொழும்பில் கடற்காற்று முற்பகலில் எழும்பும். அதற்கு முன் சுட்டு முடியுங்கள். முடியாவிட்டால் பாதி வழியில் ஒரு குச்சியில் நாடா கட்டி, அது ஒரே மாதிரி ஆடும்போது மட்டும் சுடுங்கள்.

சாய்வு இதைவிடச் சுவையானது. சன்னத்தைச் சுழற்றும் உள்வரிகள் வலப்பக்கம் முறுகிப் போகும் வலஞ்சுழிக் குழலில், வலப்பக்கமிருந்து வரும் காற்று சன்னத்தை இடப்பக்கம் தள்ளுவதோடு சற்று மேலேயும் ஏற்றும். இடப்பக்கக் காற்று வலது கீழே. மணிக்கூட்டு முகத்தில் பத்திலிருந்து நாலுக்கு ஒரு கோடு இழுத்தால் வரும் படம். உங்கள் தாளில் இந்தக் கோடு தெரிந்தால் துவக்கைக் கழற்ற வேண்டாம், காற்று இரு பக்கமும் மாறி அடித்திருக்கிறது. கோடு வேறு திசையில் சாய்ந்தால், இரண்டில் இருந்து எட்டுக்கு என்று வைத்துக்கொள்வோம், பஸ் டிக்கெட்டை எடுங்கள். குழலைச் சாய்வாக ஏதோ முட்டுகிறது.

கண்ணை அசைத்தால் குறிப்புள்ளியும் அசைகிறது

குறிக்கண்ணாடியின் குறை அல்ல, பொருத்தமின்மை. .22க்கென்று செய்த கண்ணாடிகளைப் பெரும்பாலும் ஐம்பது யார் (கெஜம்) தூரத்துக்கு, அங்கே கண் அசைந்தாலும் குறிப்புள்ளி அசையாதபடி, நேர் செய்திருப்பார்கள். பெரிய துவக்குக்கான கண்ணாடி நூறு யார் தூரத்துக்கு. மலிவாகக் கிடைத்ததென்று பின்னதை வாங்கி .22இல் பூட்டினால், கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படியாதவரை சூடு அலையும். கண்ணாடியை மாற்ற வேண்டும், அல்லது கன்ன மேட்டைக் கண் தானாக நடுவுக்கு வரும் உயரத்துக்கு உயர்த்த வேண்டும். நான் இரண்டாவதைச் செய்தேன். முதலில் அட்டையையும் நாடாவையும் வைத்து ஒரு மாதம் சுட்டு உயரத்தைக் கண்டுபிடித்து, அதன் பிறகே மரத்தை வெட்டினேன்.

சுத்தம் செய்த பிறகு முதல் சில சூடு எங்கேயோ போகிறது

இது நோயே அல்ல. சன்னத்தின் மெழுகு குழலில் மெல்லிய படையாகப் படிய வேண்டும். ஐந்து முதல் இருபது சூடு வரை எடுக்கும். ரவையின் தயாரிப்பை மாற்றினாலும் அப்படித்தான், மெழுகு வேறு. நல்லாகச் சுடும் குழலை ஒவ்வொரு வாரமும் தேய்க்காதீர்கள். தேய்ப்பதென்றால் பின்பக்கமிருந்து, வழிகாட்டிக் குழாய் வைத்து, பூச்சிட்ட ஒற்றைக் கம்பியால். முன்வாயிலிருந்து மூட்டுக் கம்பியை விட்டு இழுத்து வாயின் விளிம்பைத் தேய்த்தவர்களின் குழல்தான் உண்மையிலேயே "போன" குழல்.

விசை விழுந்தது, வெடிக்கவில்லை

முதலில் கை. குழல் இலக்கை நோக்கியே இருக்கட்டும், குறைந்தது 30 செக்கன் அசையாதீர்கள். தாமதமாக வெடிப்பது அரிது. அரிதென்று போல்ட்டைத் திறக்கும் மனிதருடைய முகத்துக்கு நேரேதான் அது நடக்கும். பிறகு திறந்து, கோதை (ரவையின் உலோக உறையை) எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் அதன் வழியாகக் கோதின் விளிம்பைப் பாருங்கள். .22இல் தீப்பற்றும் கலவை அடியின் நடுவில் இல்லை. விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. போல்ட்டுக்குள் இருக்கும் ஊசி அந்த விளிம்பை நசுக்க வேண்டும்.

நசுங்கல் ஆழமாக, தெளிவாக, விளிம்பை ஒட்டி இருந்தால் துவக்கு தன் வேலையைச் செய்துவிட்டது. அந்த இடத்தில் கலவை இல்லை. தயாரிப்பில் கலவையைச் சுழற்றித்தான் விளிம்புக்குள் பரப்புகிறார்கள். சில வேளை ஒரு பக்கம் வெறுமையாகிவிடும். ஒரு பெட்டியில் ஒன்று இப்படி இருந்தால் விட்டுவிடுங்கள். ஐந்து இருந்தால் பெட்டியையே விட்டுவிடுங்கள்.

நசுங்கல் ஆழமில்லாமல் நகக்கீறல் போலிருந்தால் ஊசிக்கு வலு போதவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு எண்ணெய்தான் காரணம். கடலோரத்தில் இருப்பவர்கள் துருவுக்குப் பயந்து போல்ட்டுக்குள் எண்ணெயை ஊற்றிவிடுவார்கள். அது சில மாதங்களில் தூசியோடு சேர்ந்து பிசினாகி ஊசியின் ஓட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். சங்கத்தில் ஒருவருடைய போல்ட்டைப் பொறுப்பாளர் பிரித்தபோது அதற்குள் இருந்தது எண்ணெய் அல்ல, கித்துள் பாணி என்று சொல்லலாம். பிரித்துக் கழுவி, துடைத்து, ஒரே ஒரு துளி. கழுவிய பிறகும் கீறல் ஆழமாகவில்லை என்றால் சுருள்வில் சோர்ந்துவிட்டது. பொறுப்பாளரிடம் கொடுங்கள், மாற்றுவார்.

இன்னொன்று. ரவையில்லாமல் விசையைத் தட்டிப் பழகும் வழக்கம் பெரிய துவக்குக்காரர்களிடமிருந்து வந்தது. பல .22களில் ஊசி நேராக அறையின் விளிம்பில் போய் மோதும். நாளடைவில் அங்கே ஒரு பள்ளமும் பள்ளத்தின் கரையில் ஒரு பிசிரும் உண்டாகும். பிறகு கோது உள்ளே போகத் தடுமாறும், வெளியே வரவும் தடுமாறும். பிளாஸ்டிக் போலி ரவை போட்டுப் பழகுங்கள்.

சத்தம் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது

நிறுத்துங்கள். அடுத்த ரவையைப் போடாதீர்கள். சன்னம் குழலின் நடுவில் நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். போல்ட்டை எடுத்துப் பின்பக்கமிருந்து பாருங்கள், வெளிச்சம் தெரிகிறதா என்று. தெரியாவிட்டால் பொறுப்பாளர். வீட்டில் கம்பியை விட்டு அடிக்கும் வேலை வேண்டாம்.

கோதின் விளிம்பு பிளந்திருந்தாலும், கன்னத்தில் சூடான காற்று அடித்தாலும் இதே பதில்தான். போல்ட்டின் முகத்துக்கும் அறைக்கும் இடையில் விளிம்பு உட்காரும் இடம் கூடிவிட்டிருக்கலாம். அந்த இடம் ஒரு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும் அளவு. அதை அளக்கும் கருவி ஆயுதக் கம்மியரிடம் இருக்கிறது. என்னிடம் இல்லை, இருக்கவும் கூடாது.

கோது வெளியே வரவில்லை

கோதை இழுத்தெடுக்கும் கொக்கியின் நுனி மழுங்கியதா, அதன் கீழ் மெழுகும் கரியும் அடைத்ததா என்று பாருங்கள். பல்குத்தும் குச்சியால் சுரண்டினால் பாதிப் பேருக்குக் குணமாகும். மீதிப் பேருக்கு அறையின் முன்னோரத்தில் கரி வளையம். குட்டை ரவை சுட்டவர்களுக்கு இது விரைவில் வரும். கரைப்பானில் நனைத்த அறைத் தூரிகையைப் பத்துத் தடவை சுழற்றினால் போதும்.

குழலின்மேல் செம்மஞ்சள் புள்ளிகள்

வெள்ளவத்தை நோய். ஒருமுறை சித்தப்பா வந்து ஆசையாகத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். நான் துடைக்க மறந்தேன். நாலாம் நாள் குழலின்மேல் அவருடைய பெருவிரல் ரேகை அப்படியே துருவில் எழுந்து நின்றது, ஒவ்வொரு வளைவும் தனித்தனியாக. பொலிஸ்காரர்கூட அவ்வளவு தெளிவாக எடுக்கமாட்டார். மிக மெல்லிய எஃகுக் கம்பளியில் எண்ணெய் தொட்டு, அழுத்தாமல் தேய்த்து எடுத்தேன். கவனித்துப் பார்த்தால் நிழல் இன்னும் இருக்கிறது.

பஞ்சு மெத்தை வைத்த பெட்டிக்குள் துவக்கைப் பூட்டி மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பஞ்சு ஈரத்தைப் பிடித்து இரும்போடு அணைத்து வைக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் குளிர்ந்த இரும்பில் வியர்வை பூக்கும். அரை மணிநேரம் பையை மூடியே வைத்து வெளிச்சூட்டுக்குப் பழக்குங்கள். இரும்பு அலமாரியில் ஈரம் உறிஞ்சும் மணிப் பைகளைப் போட்டு, மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான அடுப்பில் உலர்த்தித் திரும்பப் போடுங்கள்.

எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது; இன்னும் சிதறுகிறது

துவக்கை உங்களைவிட நன்றாகச் சுடும் ஒருவரிடம் கொடுங்கள். போன மார்கழியில் நான் இரண்டு ஞாயிறு தோற்று, சாந்தையே உடைத்து மீண்டும் ஊற்றலாம் என்று முடிவெடுத்திருந்தேன். சங்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு மூத்தவர் இருக்கிறார். அவர் என் இடத்தில் படுத்து, வாரைச் சரிசெய்து, ஐந்து சூடு சுட்டார். தாளைக் கொண்டுவந்தோம். ஐந்தும் ஒன்றையொன்று தின்று ஒரே கிழிசலாக இருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, காலையில் எத்தனை கோப்பி குடித்துவிட்டு வருகிறீர்?"

"மூன்று, ஐயா."

சாந்தை உடைக்கவில்லை.